சிங்கிள் ஃபேஸ் வீட்டில் பழைய டர்ரெட் மில்லிங் மிஷின் ஓடுமா?

பட்டறைக் கிறுக்கன்:
கோவை கணபதி ஏரியாவில் ஒரு ஒர்க்‌ஷாப்பை மூடுகிறார்கள், எம்1டிஆர் என்ற டர்ரெட் மில்லிங் மிஷின் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. மோட்டார் 2 ஹெச்பி, 415 வோல்ட், 3 ஃபேஸ். என் வீட்டில் சிங்கிள் ஃபேஸ்தான், வாடகை வீடு என்பதால் ஈ.பி.யில் மாற்றிக் கேட்கவும் வழியில்லை. விற்பவர் கெப்பாசிட்டர் போட்டால் ஓடும் என்கிறார். நம்பி அட்வான்ஸ் கொடுக்கலாமா?

கோவை ஃபிட்டர்:
சுற்றும் தம்பி, ஆனால் மூன்றில் ஒரு பங்கு பவர் போய்விடும், கட்டர் இரும்பில் இறங்கும்போது தெரியும். சிங்கிள் ஃபேஸ் 230 வாங்கி 3 ஃபேஸ் 230 கொடுக்கிற வி.எஃப்.டி. டிரைவ் (ஃப்ரீக்வென்சியை மாற்றி மோட்டார் வேகத்தை மாற்றும் கருவி) 1.5 கிலோவாட்டில் கிடைக்கிறது, அதைப் போடுங்கள். அதிலிருந்து 415 வராது என்பதால் மோட்டார் காயில்களின் இணைப்பை ஸ்டாரிலிருந்து, குறைந்த வோல்டுக்கு ஏற்ற டெல்டாவுக்கு மாற்ற வேண்டியிருக்கும். டெர்மினல் பாக்ஸைத் திறந்து பாருங்கள், ஆறு ஸ்டட்டில் ஒரு வரிசை மூன்றையும் பித்தளைப் பட்டை குறுக்கே சேர்த்திருந்தால் ஸ்டார், அந்தப் பட்டைகளை மேலும் கீழுமாக மூன்று ஜோடியாகப் போட்டால் டெல்டா. ஆம்பியர் 1.73 மடங்காகும், டிரைவில் அந்தக் கணக்கையே கொடுங்கள்.

பட்டறைக் கிறுக்கன்:
பார்த்தேன் அண்ணா. ஆறு ஸ்டட் இருக்கிறது, பட்டை எதுவும் இல்லை. பிளேட்டில் 1400 / 2800 என்று இரண்டு ஆர்பிஎம். டெல்டா போட்டுவிடவா?

கோவை ஃபிட்டர்:
வேண்டாம்! அது ரெண்டு ஸ்பீடு மோட்டார், அந்த ஆறு முனையும் ஸ்பீடு மாற்றத்துக்கு வந்தவை, எந்த ஸ்பீடில் போட்டாலும் 415தான் கேட்கும். மோட்டார் உங்களுக்கு உதவாது என்று சொல்லி விலையைக் குறையுங்கள். பிளேட்டில் 240 டெல்டா, 415 ஸ்டார் என்று போட்ட 2 ஹெச்பி மோட்டார் வாங்கிக்கொள்ளலாம், ஃபிளேஞ்சும் ஷாஃப்டும் பொருந்துகிறதா என்று முதலில் அளந்துவிடுங்கள். ஸ்பீடை டிரைவிலேயே மாற்றலாம், ஆனால் ரொம்பக் குறைத்தால் மோட்டார் ஃபேன் காற்றுப் போதாமல் சூடாகும், அப்போது பெல்ட்டை வேறு புல்லிப் படிக்கு மாற்றுவதே நல்லது.

அம்பத்தூர் டர்னர்:
மோட்டாரை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், டேபிள் நகரும் ஸ்லைடு தேய்ந்திருந்தால்தான் பணம் போகும். டேபிள் நடுவில் ஆடாதபடி கிப்பை (ஸ்லைடின் இடைவெளியைச் சரிசெய்யும் பட்டை) இறுக்கிவிட்டு இரண்டு ஓரத்துக்கும் சுற்றுங்கள். ஓரத்தில் பிடித்துக்கொண்டால் நடுவில் தேய்மானம் என்று அர்த்தம், ஸ்கிரேப்பிங் (பரப்பைச் சுரண்டிச் சமமாக்குவது) செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள். அப்புறம், மிஷின் ஏறக்குறைய ஒரு டன், நீங்கள் மாடியில் இல்லையே?

பட்டறைக் கிறுக்கன்:
தரைத்தளம்தான் சார். மிஷினில் இருக்கிற ஃபார்வர்டு ரிவர்ஸ் சுவிட்ச் அப்படியே இருக்கலாமா?

கோவை ஃபிட்டர்:
டிரைவுக்கும் மோட்டாருக்கும் நடுவில் இருக்கவே கூடாது, ஓடும்போது திருப்பினால் டிரைவ் போய்விடும். டிரைவின் கன்ட்ரோல் டெர்மினலுக்குத் தனி சுவிட்ச் போடுங்கள். டிரைவுக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன், தனி எம்.சி.பி., நல்ல எர்த், மூன்றும் எலக்ட்ரீஷியன் கையால்.