மழை வலுத்தால் அரிசி டிரம்மைக் கட்டில்மேல் ஏற்றும் அம்மா: மகனுக்கு என்ன சொல்வது?

கேள்வி (லேபர் கேம்ப் பெண்):
இப்போது மும்பைக்குப் பக்கத்தில் டோம்பிவிலியில் நாலாவது மாடியில் இருக்கிறோம். இருந்தும் மழை வலுத்தால் அம்மா அரிசி டிரம்மைக் கட்டில்மேல் ஏற்றிவிடுகிறார். "ஆச்சி ஏம்மா இப்படிச் செய்யுது?" என்று என் பத்து வயது மகன் கேட்கிறான்.

2005 ஜூலை 26, மும்பைப் பெருவெள்ளம். எனக்கு 14 வயது. தாராவியில் பத்துக்குப் பத்து வீடு, அம்மாவுக்கு இட்லி வியாபாரம். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியது. நகரின் தென்கோடியில் இருக்கும் கொலாபாவில் நூறுகூட இல்லை. அப்பாவுக்கு அந்தப் பக்கம்தான் வேலை. எங்கள் வீட்டில் இடுப்பளவு தண்ணீர் என்பதே அவருக்குத் தெரியாது. ரயில் நின்றுபோய், தண்டவாளத்தோடு நடந்து மறுநாள்தான் வந்தார். கிரைண்டர் மூழ்கிவிட்டது. டிரம்மைத் திறந்தால் அரிசி உப்பிப் புளித்து நாறியது. என் மார்க் ஷீட்டுகளை அம்மா ஒவ்வொன்றாகத் துணிக்கடியில் வைத்து, இரவல் வாங்கிய கரி இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தார். மை கலைந்துவிடக் கூடாதென்று மூச்சைப் பிடித்துக்கொண்டு தேய்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

கேட்டால் "விடு, முடிஞ்சு போச்சு" என்கிறார். நானே மகனிடம் சொல்லலாமா?

பதில் (குர்லாக்காரன்):
எங்கள் வீடு மித்தி ஆற்றங்கரையில். என் அம்மாவும் இப்படித்தான் இருந்தார். என்ன நடந்தது என்று கேட்காதீர்கள் அக்கா, அன்றைக்கு ராத்திரி என்ன சாப்பிட்டீர்கள் என்று கேளுங்கள். எங்கள் வீட்டில் அதற்குத்தான் வாய் திறந்தார்கள்.

பதில் (மாட்டுங்கா பெரியவர்):
எனக்கு அதில் சம்மதமில்லை அம்மா. 1982 ஜனவரியில் மில் ஸ்டிரைக் தொடங்கியபோது அப்பா லால்பாக்கில் தறி ஓட்டிக்கொண்டிருந்தார். வேலை திரும்பக் கிடைக்கவே இல்லை. நான் கேட்கும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுவார். கேட்டிருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது. நீங்கள் கண்டதை மட்டும் பிள்ளைக்குச் சொல்லுங்கள், போதும்.

கேள்வி கேட்டவர்:
ஐயா சொன்னபடி இஸ்திரி போட்ட கதையை மட்டும் நேற்று மகனிடம் சொன்னேன். அடுப்படியிலிருந்து அம்மாவே வந்தார். "கரிக்குக்கூட அந்த இஸ்திரிக்காரப் பையா காசு வாங்கல. பெட்டியத் திருப்பிக் கொடுக்கப் போனா, அவன் கடைய வெள்ளம் கொண்டு போயிருந்துச்சு" என்றார். இருபது வருஷமாக எனக்கே தெரியாத விஷயம். அந்தப் பெட்டி இன்னும் எங்கள் பரணில் இருக்கிறது. தாராவி 90 அடிச் சாலைப் பக்கம் அப்போது இஸ்திரிக் கடை வைத்திருந்தவர்களை யாருக்காவது தெரியுமா?