புதிய மடிக்கணினியும் வீட்டில் செய்த சி.என்.சி. இயந்திரமும்: என் அனுபவம்

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டின் பின்பக்கத்தில் பெயர்ப்பலகை செதுக்கும் சிறிய பட்டறை ஒன்று இருக்கிறது. அங்குள்ள, கணினி சொல்லும் பாதையில் மரத்தை வெட்டும் சி.என்.சி. இயந்திரத்தை 2013 இல் அப்பாவும் நானும் சேர்ந்து செய்தோம். மாக் 3 என்ற இயந்திரக் கட்டுப்பாட்டு மென்பொருள் போட்ட ஒரு பழைய மேசைக் கணினிதான், விண்டோஸ் எக்ஸ்பியில், இத்தனை காலமும் அதை ஓட்டியது. கடந்த வருடம் அந்தக் கணினியின் மதர்போர்ட் பழுதாகிவிட்டதால் புதிய மடிக்கணினி ஒன்றை வாங்கினேன். இயந்திரம் இணையும், 25 ஊசிகள் கொண்ட பேரலல் போர்ட் இப்போது வரும் மடிக்கணினிகளில் இல்லை என்பதால், புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் யு.எஸ்.பி.யைப் பேரலல் போர்ட்டாக மாற்றும் கேபிள் ஒன்றைக் கேட்டேன். "தம்பி, பிரின்டருக்கா?" என்று கடைக்கார அண்ணா கேட்டார். இல்லை என்றதும், "அப்படியென்றால் யோசித்து வாங்குங்கோ" என்றார். அவர் அப்படிச் சொன்னதன் காரணம் இரண்டு நாட்கள் கழித்தே எனக்கு விளங்கியது.

அந்தக் கேபிளை விண்டோஸ் ஓர் அச்சுப்பொறியாக மட்டுமே பார்க்கிறது. மாக் 3 தேடுவதோ பழைய போர்ட்டின் 378 என்ற முகவரியை. அது இங்கே கிடையாது. அதற்கும் மேலாக, மாக் 3 இன் பேரலல் போர்ட் டிரைவர் 64 பிட் விண்டோஸில் வேலை செய்யாது. இவை இரண்டையும் விடப் பெரிய தடை நேரம்தான். ஒரு மின்துடிப்புக்கு ஒரு படி சுழலும் ஸ்டெப்பர் மோட்டருக்கான துடிப்புகளை மாக் 3 வழக்கமாக 25,000 ஹேர்ட்ஸ் வேகத்தில், அதாவது 40 மைக்ரோ வினாடிக்கு ஒரு முறை கணக்கிட்டு அனுப்புகிறது, சாதாரண யு.எஸ்.பி. இணைப்போ ஒரு மில்லி வினாடி அளவிலான கட்டங்களாகத் தரவை அடுக்கி அனுப்புகிறது. எனவே எவ்வளவு நல்ல கேபிள் வாங்கினாலும் அந்த வழியில் மோட்டரைச் சீராகச் சுழற்ற முடியாது.

ஆகவே துடிப்பு உண்டாக்கும் வேலையை மடிக்கணினியிடமிருந்து எடுத்து, ஜிஆர்பிஎல் என்ற கட்டுப்பாட்டு மென்பொருள் ஏற்றிய, ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு மின்னணுப் பலகையிடம் கொடுத்தேன். மடிக்கணினி இப்போது ஜி-கோட் எனும் வெட்டும் கட்டளை வரிகளை மட்டும் வினாடிக்கு 115200 பிட் வேகத்தில் அனுப்புகிறது; அவற்றைத் துடிப்புகளாகப் பிரிப்பது பலகையின் பொறுப்பு. என் திருகுத்தண்டு ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீற்றர் நகர்கிறது. மோட்டரை ஓட்டும் டிரைவர் கருவி ஒரு படியை எட்டாகப் பிரிக்கும் நுண்படியில் இருப்பதால் ஒரு சுற்றுக்கு 1600 துடிப்புகள், ஒரு மில்லிமீற்றருக்கு 320. அந்த எண்ணை அமைப்பில் எழுதிவிட்டு, பழைய டிரைவர்களின் வயர்களை ஆர்டுயினோவின் 2 முதல் 8 வரையான ஊசிகளுக்கு மாற்றினேன். முதல் நாள் மோட்டர்கள் நகராமல் நடுங்கிக்கொண்டே இருந்தன. டிரைவர் பக்கத்துக் கிரவுண்டை ஆர்டுயினோவின் கிரவுண்டுடன் இணைக்காமல் விட்டிருந்தேன். அந்த ஒரு வயரைப் போட்டதும் மூன்று அச்சுகளும் ஒழுங்காக ஓடின.

உண்மையான சோதனை அதன் பிறகுதான் வந்தது. மஹோகனிப் பலகையில் ஒரு வீட்டின் பெயரைச் செதுக்கிக்கொண்டிருந்தேன். கடைசி எழுத்தான 'ழ'வின் கீழ்ச் சுழியை வெட்டும்போது தூசி உறிஞ்சியை நிறுத்தினேன். அதே நொடியில் இணைப்பு அறுந்து, வெட்டும் முனை மரத்துக்குள் சுழன்றபடியே நின்றுவிட்டது. மீண்டும் இணைத்தால் ஊனோ தன்னைத் தானே மறுதொடக்கம் செய்துகொள்ளும். அதனால் அது நின்ற இடமும் மறந்துபோய்விட்டது. தொடக்கப் புள்ளியைக் கையால் மீண்டும் பிடித்துத் தொடர்ந்தபோது சுழி ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் விலகிப்போனது. வாடிக்கையாளர் அதைக் கவனித்திருக்க மாட்டார், ஆனாலும் என்னால் அந்தப் பலகையைக் கொடுக்க முடியவில்லை. வேறொரு பலகையில் முதலிலிருந்து வெட்டினேன்.

வெட்டும் முனையைச் சுழற்றும் ரூட்டரும் தூசி உறிஞ்சியும் கார்பன் பிரஷ் உள்ள மோட்டர்கள். அவற்றின் பொறிகளும், அவற்றைப் போட்டு நிறுத்தும்போது எழும் மின்னழுத்தத் துள்ளலும் யு.எஸ்.பி. கேபிளுக்குள் புகுந்துவிடுகின்றன. சார்ஜரைக் கழற்றிவிட்டு பட்டரியில் மட்டும் ஓட்டிப் பார்த்தபோது இணைப்பு அறுவது வெகுவாகக் குறைந்தது. இந்த மின் இரைச்சல் வரும் வழிகளில் ஒன்று சார்ஜரின் ஊடாகச் செல்கிறது என்பதை அதிலிருந்து புரிந்துகொண்டேன். பிறகு யு.எஸ்.பி. கேபிளை ஒரு மீற்றருக்குள் சுருக்கி, இரு பக்க மின்சுற்றுகளையும் பிரித்துவைக்கும் யு.எஸ்.பி. ஐசொலேட்டர் ஒன்றை இடையில் வைத்தேன். அச்சுகளின் எல்லையை உணரும் லிமிட் சுவிட்சுகளுக்கு உலோக உறையிட்ட கேபிள் போட்டு, அதன் உறையை ஒரு முனையில் மட்டும் புவித்தொடுப்புச் செய்தேன். தூசி உறிஞ்சியை வேறு பிளக் பாயின்டுக்கு மாற்றினேன். எங்கள் பழைய வீட்டில் பட்டறைப் பாயின்டுக்கு எர்த் வயரே வந்திருக்கவில்லை. அதை மின்வினைஞர் ஒருவரைக் கொண்டு சரிசெய்தேன். அந்த வேலையை நீங்களாகச் செய்ய வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்கிறேன். விண்டோஸில் உறக்க நிலையையும் யு.எஸ்.பி. மின்சேமிப்பையும் நிறுத்திவைத்தேன். இப்போது ஒவ்வொரு பெரிய வேலைக்கும் முன்பு முனையை மரத்துக்கு மேலே உயர்த்தி, தூசி உறிஞ்சியைப் பத்துத் தடவை போட்டு நிறுத்தி, வெறும் காற்றில் ஒரு முறை ஓடவிடுகிறேன்.

தெஹிவளையிலிருந்து ஒரு மறுமொழி

நான் வேறு வழியில் போனேன். பேரலல் போர்ட் உள்ள பழைய மேசைக் கணினி ஒன்றை வாங்கி லினக்ஸில் ஓடும் லினக்ஸ்சிஎன்சி என்ற கட்டுப்பாட்டு மென்பொருளைப் போட்டிருக்கிறேன். வரைவது மடிக்கணினியில், கோப்பு மட்டும் பென்டிரைவில் இயந்திரத்துக்குப் போகிறது. முன்பு போர்ட் உள்ள பழைய மடிக்கணினி ஒன்றிலும் முயன்றேன், ஆனால் அதன் மின்சேமிப்பு வேலைகள் குறுக்கிட்டதால் கணினி எவ்வளவு தாமதமாகப் பதிலளிக்கிறது என்று அளக்கும் தாமதச் சோதனையில் அவ்வப்போது பெரிய துள்ளல்கள் தெரிந்தன. மோட்டர் இடையிடையே படி தவறியது. போர்ட் இருந்தாலே மடிக்கணினி போதும் என்று நினைப்பவர்கள் வாங்குவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துபாருங்கள்.

இரத்மலானையிலிருந்து ஒரு மறுமொழி

எங்களுடையது மின்வில்லால் உலோகத்தை உருக்கி வெட்டும், மின் இரைச்சல் மிகுந்த பிளாஸ்மா இயந்திரம் என்பதால் யு.எஸ்.பி. ஒரு நாளும் நிலைக்கவில்லை. ஈதர்நெட் வழியாக இயங்கும் கட்டுப்பாட்டுப் பலகைக்கு மாறினோம். ஈதர்நெட் இணைப்பின் இரு முனையிலும் சிறு டிரான்ஸ்ஃபோமர் இருப்பதால் இரு பக்கமும் மின்சாரத்தால் நேரடியாக இணையாத மின்தனிமை இயல்பாகவே கிடைக்கிறது. ஆனாலும் வெட்டும் முனையான டோர்ச்சின் வயரையும் அந்தக் கேபிளையும் ஒரே குழாயில் கொண்டுபோக வேண்டாம். ஓர் அடியாவது விலக்கி வையுங்கள்.