ரெண்டு காதிலும் கம்மல் தெரியணும்

ஆட்களைப் படம் எடுத்துப் பழக ஆரம்பித்தபோது என் ஆசை ஒன்றுதான்: முகம் மட்டும் கூர்மையாக நிற்க வேண்டும், பின்னால் தேயிலைத் தோட்டம் வெறும் பச்சையாகக் கரைந்துபோக வேண்டும். அதற்காகவே ஒரு பழைய கேனான் கேமராவும் 50 எம்எம், எஃப் 1.8 லென்ஸும் வாங்கினேன். எஃப் எண் சின்னதாக ஆக ஆக லென்ஸின் திறப்பு, அதாவது அப்பெர்ச்சர், பெரிதாகும், பின்னணி அதிகமாகக் கரையும். என் கேமராவில் இருப்பது கிராப் சென்சார், அதாவது பிலிம் சட்டத்தைவிடச் சின்ன சென்சார்; அதில் அந்த லென்ஸ் 80 எம்எம் போல வேலை செய்யும். முகத்துக்கு ரொம்பப் பொருத்தம், விலையும் குறைவு. புதிதாகத் தொடங்குகிற யார் கேட்டாலும் இதையே சொல்வேன்.

கோத்தகிரியில் வெளிச்சத்துக்குக் குறையே இல்லை. மத்தியானம் மேகம் இறங்கிவிட்டால் கண்ணுக்குக் கீழே, மூக்குக்குப் பக்கத்தில் கருநிழல் விழாது. ஆனால் கேமராவில் வெளிச்சத்தை அளக்கிற மீட்டர் அந்த வெள்ளை மூட்டத்தைப் பார்த்துப் படத்தை இருட்டாக்கிவிடும், நம்மூர்க்காரர்களின் மாநிற முகம் இன்னும் கறுத்துவிடும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம் பதிகிற மாதிரி, கூட்டி வைத்தால் சரியாக வரும். வெயில் நாளில் சில்வர் ஓக் மரத்தடியில் யாரையும் நிற்க வைக்காதீர்கள், முகமெல்லாம் திட்டுத் திட்டாக வெயில் விழும். தேயிலைச் செடிக்குள் நிறுத்தினால் தாடைக்குக் கீழே பச்சை ஏறும். இரண்டடி தள்ளித் தோட்டத்து மண் பாதையில் நிறுத்தினாலே போதும்.

இதெல்லாம் கை பழகப் பழக வந்துவிட்டது. படத்தில் இருக்கிறவர் என்ன எதிர்பார்க்கிறார் என்பதைக் கொழுந்து பறிக்கிற ஒரு அக்காதான் எனக்குச் சொன்னார்.

இலை எடை போட்டு முடித்து, கூடையைக் கவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருந்தார். கேட்டுவிட்டுத்தான் எடுத்தேன். முகம் லேசாகத் திரும்பியிருந்தது, எஃப் 1.8, கண்ணில் ஃபோகஸ். எனக்கு மிகவும் பிடித்த படம். பிரிண்ட் போட்டு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள் இருக்கிற லயத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கி வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

“நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா இந்தக் காதுல கம்மலே தெரியலையே? பின்னாடி நம்ம தோட்டத்தையும் காணோம்.”

அவர் சொன்னது அப்படியே உண்மை. ஒன்றரை மீட்டர் தூரத்தில் அந்த லென்ஸை முழுக்கத் திறந்து வைத்தால் தெளிவாக விழும் ஆழம் ஆறு சென்டிமீட்டர் அளவுதான். கண் கூர்மையாக இருக்கும், அந்தப் பக்கத்துக் காது அதற்குள் அடங்காது.

அப்புறம் உள்ளே போய் அவர் அம்மாவின் பழைய பாஸ்போர்ட்டை எடுத்து வந்தார். 1964-ல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்த குடும்பம். தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, கடைசியில் நீலகிரித் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர்கள். அம்மாவுக்கு என்று இருக்கும் ஒரே படம் அதில் ஒட்டியிருந்த கறுப்பு வெள்ளைப் படம்தான். நேர்ப் பார்வை, இரண்டு காதும் தெரிகிறது, தோடு தெரிகிறது. “அம்மா எப்படி இருந்தாங்கன்னு என் பிள்ளைங்களுக்கு இதைத்தான் காட்டுறேன்” என்றார். ஆளைக் காட்டாமல் அழகை மட்டும் காட்டுகிற படத்தை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்?

எங்கள் சொந்தத்தில் ஒரு பெரியவர் இந்து நகர் பிலிம் பேக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஊட்டியில் 1960-ல் தொடங்கிய அந்த அரசு நிறுவனம் ‘இந்து’ என்ற பெயரில் பிலிமும் போட்டோ காகிதமும் தயாரித்தது என்பது இங்கே பலருக்குத் தெரியும். அவரிடம் இதைச் சொன்னபோது, “வீட்டு வாசப்படிக்கு உள்பக்கமா ஒரு அடி தள்ளி உட்கார வை. முகம் வெளியே வானத்தைப் பார்க்கட்டும். ரெண்டு கண்ணுலயும் வெளிச்சப் புள்ளி விழுதான்னு பாரு, விழுந்தா எடு” என்றார்.

அப்படியே செய்தேன். லய வீட்டு வாசலில் ஸ்டூல் போட்டு, அக்கா நல்ல சேலை கட்டிக்கொண்டு நேராக உட்கார்ந்தார். எஃப் 5.6, ஷட்டர் 1/125, ஐஎஸ்ஓ 800. வாசல் வெளிச்சம் அதற்குப் போதுமானதாக இருந்தது. மூக்குத்தி, இரண்டு கம்மல், நெற்றியில் குங்குமம் எல்லாம் தெளிவாக வந்தன. தோட்டமும் வேண்டும் என்றதால் வெளியே வந்து, பாதையில் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லி எஃப் 11-ல் முழு உருவமாக இன்னொன்று. செருப்புகூடத் தெரிகிற அந்தப் படம்தான் இப்போது அவர் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

பின்புலம் கரைந்த படங்கள் எனக்கு இன்னமும் பிடிக்கும், குழந்தைகளை அப்படித்தான் எடுக்கிறேன். ஆனால் பெரியவர்களைப் படம் பிடிப்பதற்கு முன்னால் “எங்கே மாட்டப் போறீங்க, யாருக்குக் காட்டப் போறீங்க?” என்று கேட்டுவிடுகிறேன். அந்தப் பதிலை வைத்துத்தான் அப்பெர்ச்சர் முடிவாகிறது.

பொங்கலுக்கு அக்காவின் அண்ணன் குடும்பம் கூடலூரிலிருந்து வருகிறது. எல்லாரையும் ஒரே படத்தில் வேண்டுமாம். பெரியவர்களை முன்வரிசையில் உட்கார வைத்து, பின்வரிசையை நெருக்கமாக நிறுத்தி, எஃப் 8-ல் எடுப்பதாகத் திட்டம். வீட்டுக்கு ஒரு பிரிண்ட் என்று இப்போதே சொல்லிவிட்டேன்.