ஃபுட்பாலில் மூணு நாளுக்கு ஒரு மேட்ச் ஆடுவது அவ்வளவு கஷ்டமா?

வியாசை விங்கர்:
நேற்று ராத்திரி கல்யாணபுரம் டீக்கடையில் இதே சண்டை. 2024 செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டி ஆட்டக்காரர் ரோட்ரி, மேட்ச் இப்படியே கூடிக்கொண்டே போனால் ஸ்ட்ரைக்தான் என்கிற மாதிரி பேசினார், அந்த வாரமே ஆர்சனல் மேட்சில் முட்டி ஜவ்வு கிழிந்து படுத்துவிட்டார். என் கூட்டாளி ஒத்துக்கொள்ளவே மாட்டேன் என்கிறான். கோடியில் சம்பளம், தனி விமானம், காலைப் பிடித்துவிட ஆள், நடுவில் அஞ்சு பேரை மாற்றிக்கொள்ள சப் வேறு, அப்புறம் என்ன அலுப்பாம். ஞாயிற்றுக்கிழமை பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற செவன்ஸில் நாம் நாலு மேட்ச் ஆடவில்லையா என்று கேட்கிறான். எனக்குப் பதில் வரவில்லை.

பெரம்பூர் பழைய பேக்:
தம்பி, செவன்ஸில் கிரவுண்டு சின்னது, நேரமும் குறைவு, நடுவில் மோர் குடித்துவிட்டு மர நிழலில் படுக்கலாம். அவர்கள் 90 நிமிடத்தில் 10, 12 கிலோமீட்டர் ஓடுகிறார்கள். ஆனால் தூரம்கூட பெரிய விஷயமில்லை. முழு வேகத்தில் போய் சடாரென்று பிரேக் போட்டுத் திரும்புகிறான் பார், அப்போதுதான் தொடைத் தசை ஒரே நேரத்தில் இழுபட்டுக்கொண்டே இழுத்தும் பிடிக்கிறது. உள்ளே பொடிப் பொடியாகக் கிழியும். ஞாயிறு ஆடினால் திங்களைவிட செவ்வாய்க்கிழமை அதிகம் வலிக்குமே, அதுதான். தசையில் சேர்த்து வைத்த மாவுச்சத்து பழையபடி நிரம்பவும் இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் அடுத்த மேட்ச், நடுவில் விடியற்காலை வந்திறங்குகிற விமானம், பாதித் தூக்கம்.

பிசியோ படிக்கிறவள்:
அண்ணா சொல்வது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். ஐரோப்பிய கிளப்களின் பெரிய போட்டியான சாம்பியன்ஸ் லீக் ஆடிய ஒரு அணியை இரண்டு சீசன் கவனித்து 2010இல் ஒரு ஆய்வு வந்தது. வாரம் ஒரு மேட்ச் ஆடினாலும் இரண்டு ஆடினாலும் ஓடிய தூரத்தில் பெரிய வித்தியாசமே இல்லை. ஆனால் ஆடுகிற ஆயிரம் மணி நேரத்துக்கு, வாரம் ஒன்று ஆடும்போது 4.1 ஆக இருந்த காயம், இரண்டு ஆடும்போது 25.6 ஆகிவிட்டது. டிவியில் பார்க்கிற நமக்கு ஆள் நன்றாகத்தானே ஓடுகிறான் என்று தோன்றும், ஏமாற்றுவதே அதுதான். பார்சிலோனா ஆட்டக்காரர் பெட்ரி 2020-21இல் 18 வயதில் 73 மேட்ச் ஆடினார், ஒலிம்பிக்ஸும் சேர்த்து. அடுத்த சீசனில் தொடைக் காயத்தோடு மாதக்கணக்கில் வெளியே உட்கார்ந்தார். அஞ்சு சப் நல்லதுதான், ஆனால் நடுவில் நின்று தடுக்கிற சென்டர் பேக்கை யார் மாற்றுகிறார்கள்?

காசிமேட்டுக்காரன்:
லீவும் கிடையாது. 2025 ஜூலை 13 கிளப் உலகக் கோப்பை ஃபைனல் ஆடிய பாரிஸ் கிளப் பிஎஸ்ஜி, ஆகஸ்ட் 13 ஐரோப்பிய சூப்பர் கப் மேட்சுக்கு வந்து நின்றது. எங்கள் பையன்கள் ஒரு தடவை அரையிறுதி முடிந்ததும் ஐஸ் பாரை உடைத்து மீன் டிரம்மில் போட்டு இடுப்பளவு இறங்கி உட்கார்ந்தார்கள். வலி போனதோ இல்லையோ, ரெண்டு நாள் வீட்டுக்குள் விடவில்லை, அவ்வளவு கவிச்சி.

பிசியோ படிக்கிறவள்:
ஐஸ் வலியைக் கொஞ்சம் அமுக்கும், அவ்வளவுதான். மேட்ச் முடிந்ததும் நிறைய சோறு, கூட முட்டையோ மீனோ, அப்புறம் தூக்கம். அதை மிஞ்சிய மருந்து இல்லை.

வியாசை விங்கர்:
எல்லாவற்றையும் அவனுக்குப் படித்துக் காட்டினேன். பதிலே பேசவில்லை. போன செவ்வாய்க்கிழமை மாடிப்படியைப் பின்பக்கமாகத் திரும்பி நின்று இறங்கினவனே அவன்தான். சரி, இந்த ஞாயிறு எங்களிடம் எட்டே பேர், அதில் ஒருவனுக்குத் தொடை இழுத்துக்கொண்டிருக்கிறது. லெஃப்ட் பேக் ஆட யாராவது வருகிறீர்களா?