சிங்கப்பூரின் புகைமூட்டத்தில் நீங்கள் பட்டது என்ன? அனுபவங்களைப் பகிருங்கள்

ஈசூன்வாசி:
தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம் வந்தாலே எனக்கு 2013 நினைவு வந்துவிடும். என் மகனுக்குச் சின்ன வயதிலிருந்தே ஆஸ்துமா. அந்த ஆண்டு ஜூன் 21ஆம் தேதி நண்பகலில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது. 300ஐத் தாண்டினாலே அபாயம் என்பார்கள். அந்த ஆண்டுக்கு முன்பு வரை 1997இல் பதிவான 226தான் உச்சம். எதிர் புளோக்கே தெரியவில்லை. ஜன்னல்களை அடைத்தும் எரிந்த வாடை படுக்கையறை வரை வந்தது. மருந்துக் கடைகளில் நுண்துகளைத் தடுக்கும் என்95 முகக்கவசம் தீர்ந்துபோயிருந்தது. இரவெல்லாம் அவனுக்கு மூச்சு இழுப்பதைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

இந்தப் புகையில் உள்ள பிஎம்2.5 என்னும் நுண்துகள்கள் தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. நுரையீரலின் ஆழம் வரை போய்விடும். துணிக் கவசம் சரியாகத் தடுக்காது. பிள்ளையை இப்போது வெளியே அனுப்பலாமா என்று பார்க்க 24 மணி நேரக் குறியீட்டைவிட ஒரு மணி நேர பிஎம்2.5 அளவுதான் உதவும். இன்னொன்று, அந்த நாள்களில் வீட்டில் சாம்பிராணி, ஊதுபத்தி வேண்டாம். எண்ணெயில் பொரிப்பதையும் தள்ளிவையுங்கள். அடைத்த வீட்டுக்குள் அதுவும் புகைதான்.

துவாஸ் தம்பி:
அக்கா, உங்களுக்கு அடைக்க ஒரு ஜன்னலாவது இருந்தது. 2015இல் நான் கட்டுமானத் தளத்தில் கம்பி கட்டிக்கொண்டிருந்தேன். செப்டம்பர் 25ஆம் தேதி தொடக்கப்பள்ளி, உயர்நிலைப்பள்ளி எல்லாவற்றையும் மூடினார்கள். எங்கள் தளத்தில் அன்றும் வேலை நடந்தது. கவசம் கொடுத்தார்கள், ஆனால் ஒன்றையே நாள்கணக்கில் போடச் சொன்னார்கள். வேர்வையில் நனைந்துவிட்டால் மூச்சுவிட முடியாது, கழுத்துக்கு இறக்கிவிடுவோம். ஊருக்குப் பேசினால் “தொண்டை ஏன்டா கட்டியிருக்கு?” என்று அம்மா கேட்பார். மழையில் நனைந்தேன் என்று சொல்லிவைப்பேன்.

இப்போது என் பொறுப்பில் ஆட்கள் இருக்கிறார்கள். குறியீடு 100ஐத் தாண்டினால் கனமான வேலையைக் குறைத்துவிடுகிறேன். ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்களை உள்வேலைக்கு மாற்றுகிறேன். கிரேன் ஓட்டுபவருக்குக் கீழே தெரியவில்லை என்றால் சுமை தூக்குவது நிறுத்தம். இதைப் படிக்கும் தம்பிகளே, நெஞ்சு இறுகினால் உடனே சொல்லுங்கள். சம்பளம் போய்விடும் என்று பயந்து மறைக்காதீர்கள்.

பொங்கோல் மெக்கானிக்:
ஆலை இயந்திர வேலையாக இந்தோனேசியாவில் சுமத்ராவின் ரியாவ் மாநிலப் பக்கம் போய்வருபவன் நான். நமக்கு வரும் புகை எங்கே பிறக்கிறது என்பதை அங்கே பார்த்தேன்.

அது சாதாரண மண் இல்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக மரமும் இலையும் தண்ணீருக்குள் பாதி மக்கிச் சேர்ந்த சதுப்பு நிலம். ஈரம் இருக்கும்வரை லேசில் தீப்பிடிக்காது. பாமாயில் தரும் செம்பனை நடவும், காகித ஆலைக்கு மரம் வளர்க்கவும் கால்வாய் வெட்டி நீரை வடித்துவிடுகிறார்கள். வறண்ட நிலம் விறகாகிவிடுகிறது. நிலத்தைச் சுத்தம் செய்ய மண்வாரி இயந்திரத்தைவிடத் தீ மலிவு. ஆனால் மேலே வைத்த தீ மண்ணுக்குள் இறங்கிக் கனன்றுகொண்டே இருக்கும். இங்கே தண்ணீர் அடித்து அணைத்தால் நாலடி தள்ளிப் புகை கிளம்பும். பசிபிக் கடல் சூடாகி இங்கே வறட்சி தரும் எல் நினோ ஆண்டில் மழையும் பொய்த்துவிட்டால் கேட்கவே வேண்டாம். 2015இல் இந்தோனேசியாவில் 26 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. நம்மைவிட அந்த ஊர்ப் பிள்ளைகள்தான் இந்தப் புகையை அதிகம் சுவாசிக்கிறார்கள். இதை நாம் மறக்கவே கூடாது.

மருந்து தண்ணீர்தான். 2016இல் அந்நாட்டு அரசு சதுப்பு நிலங்களை மீட்பதற்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கியது. கால்வாய்களுக்குக் குறுக்கே தடுப்பு கட்டி நீரைத் தேக்குகிறார்கள். அப்படி ஓர் இடத்தில் நடந்தபோது சேறு காலை விடவில்லை. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

எல்லை தாண்டிப் புகை அனுப்பும் நிறுவனங்களுக்கு நாளொன்றுக்கு 100,000 வெள்ளி வரை அபராதம் விதிக்க நம் நாட்டில் 2014இல் சட்டம் வந்தது. நல்ல சட்டம். ஆனால் வாங்குபவர் கைக்கும் பலம் உண்டு. 2015இல் இங்குள்ள பேரங்காடிகள் சில, தீ தொடர்பாகச் சந்தேகத்துக்குள்ளான நிறுவனத்தின் காகிதப் பொருள்களை அலமாரியிலிருந்தே எடுத்துவிட்டன. மீ (நூடுல்ஸ்), பிஸ்கட், சோப்பு எல்லாவற்றிலும் செம்பனை எண்ணெய் இருக்கிறது. நிலைத்தன்மையான முறையில் எடுத்த செம்பனை எண்ணெய்க்குத் தரும் ஆர்எஸ்பிஓ முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஈசூன்வாசி:
முத்திரை விஷயம் எனக்குப் புதிது, இனி பார்த்து வாங்குகிறேன். துவாஸ் தம்பி, எங்கள் புளோக் அக்கம்பக்கத்தார் சேர்ந்து உங்கள் தொழிலாளர் விடுதிக்குக் கொஞ்சம் என்95 வாங்கித் தரலாம் என்றிருக்கிறோம். வேர்வைக்கு எது தோதுப்படும்?

துவாஸ் தம்பி:
ரொம்ப நன்றி அக்கா. மூச்சை வெளியே விட வால்வு வைத்தது வாங்குங்கள், உள்ளே சூடு தங்காது. தாடி வைத்தவர்களுக்குக் கவசம் முகத்தில் ஒட்டாது, அதை நான் பேசிக்கொள்கிறேன்.