குளியலறை அலுமாரி உப்புகிறது: ஈரத்தைத் தாங்கும் பூச்சு எது?

கொட்டகலை ஆசிரியை

வணக்கம். எங்கள் வீட்டுக் குளியலறையில் பேசினுக்குக் கீழே ஓர் இரட்டைக் கதவு அலுமாரி இருக்கிறது. மரநாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையில் செய்து, வெள்ளை லக்கர் தெளித்து, கடையிலிருந்தே ஆட்களை அனுப்பிப் பொருத்திக் கொடுத்தார்கள். முதல் மழைக்காலம் முடிவதற்குள் இரு கதவுகளின் கீழ் விளிம்புகளும் உப்பி, மேலிருந்த பூச்சு வெடித்துக் கிளம்பிவிட்டது; இப்போது கதவுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்வதால் சரியாக மூடுவதும் இல்லை. உள்ளே பின் பலகையில், சுவரை ஒட்டிய பக்கமாக, கறுப்புப் பூஞ்சணம் படர்ந்திருக்கிறது. குழாய்களில் கசிவு இல்லை என்பதைப் பிளம்பரை வரவழைத்துப் பார்த்து உறுதிசெய்துவிட்டோம். நாங்கள் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருப்போம் என்று கடைக்காரர் கூறுகிறார். ஈரத் துணியால் துடைப்பதைத் தவிர நாங்கள் வேறொன்றும் செய்வதில்லை.

இந்தக் கதவுகளைத் தேய்த்து எனாமல் அடித்தால் தப்புமா என்பதே முதல் சந்தேகம். புதிதாகச் செய்வதானால் பிளைவுட், தேக்கு, இங்கே மலிவாகக் கிடைக்கும் யூகலிப்டஸ் ஆகியவற்றில் எதை எடுப்பது, அதன் மேல் எந்தப் பூச்சை அடிப்பது என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும். சுடுநீர் ஹீட்டர் இருக்கிறது. குளிருக்காக யன்னலைப் பெரும்பாலும் மூடியே வைத்திருப்போம்.

ஹட்டன் தச்சன்

டீச்சர், உப்பிய எம்.டி.எஃப். மறுபடியும் பழைய அளவுக்குத் திரும்பாது. அழுத்திப் பிசின் வைத்து இறுக்கிய நார்கள் நீரைக் குடித்துப் பிரிந்துவிட்டன. தேய்த்து மட்டப்படுத்தினால் இன்னும் அடர்த்தி குறைந்த, பஞ்சு போன்ற உட்பகுதிதான் வெளியே வரும். அதன் மேல் எந்த எனாமலும் நிற்காது. ஆகவே கதவுகளுக்காகச் செலவழிக்க வேண்டாம்.

புதியதைப் பற்றிப் பேசுவதற்கு முன் இரண்டு விடயங்களைப் பார்த்துச் சொல்லுங்கள். ஒரு கதவைக் கழற்றி, பிணைச்சலின் கிண்ணம் உட்காரும் 35 மில்லிமீற்றர் துளையின் உட்புறத்தைப் பாருங்கள். பின் பலகையில் குழாய்க்காக வெட்டிய ஓட்டைகளின் விளிம்புகளையும் பாருங்கள். அங்கெல்லாம் பூச்சு இருக்கிறதா, அல்லது மண்ணிறப் பலகை அப்படியே தெரிகிறதா?

நானுஓயாவிலிருந்து ஒருவர்

கசிவு இல்லை என்கிறீர்கள். அப்படியானால் இரண்டு வழிகளில்தான் ஈரம் வர முடியும். சுவரே உள்ளிருந்து ஈரம் கசியலாம், அல்லது குளிக்கும்போது எழும் ஆவி குளிர்ந்த சுவரில் நீராகப் படியலாம். இதைக் கண்டறிய ஓர் எளிய சோதனை உண்டு. அலுமாரிக்குப் பக்கத்தில் உள்ள வெறும் சுவரில் ஓர் அடிச் சதுரமுள்ள அலுமினியத் தாளை நான்கு பக்கமும் டேப் ஒட்டி, ஒரு நாள் முழுவதும் விட்டுவிடுங்கள். தாளின் அறைப்பக்கம் நனைந்திருந்தால் அது ஆவி படிவதால் வந்தது; சுவர்ப்பக்கம் நனைந்திருந்தால் சுவருக்குள்ளிருந்து வருகிறது. இரண்டாவதாக இருந்தால், எந்தப் பூச்சு அடித்தாலும் முதலில் வெளிச்சுவரையும் பீலியையும் சரிசெய்தாக வேண்டும்.

ஆவி எவ்வளவு நீரைக் கொண்டுவரும் என்பதை நம்மில் பலர் குறைத்தே மதிப்பிடுகிறோம். 25 பாகை செல்சியஸில் ஆவி நிறைந்த ஒரு கன மீற்றர் காற்றில் சுமார் 23 கிராம் நீர் இருக்கும். அதே காற்று 12 பாகைக்குக் குளிர்ந்தால் 11 கிராமுக்கும் சற்றுக் குறைவாகத்தான் அதனால் தாங்க முடியும். மீதி அனைத்தும் சுவரிலும் கண்ணாடியிலும் அலுமாரியின் முதுகிலும் நீராக இறங்கிவிடும். கொழும்பில் ஒரே குளியலறை, ஒரே அலுமாரி, ஒரே பூச்சு பல வருடங்கள் நிற்பதும் நமது குளிர்ந்த மலைநாட்டுப் பக்கத்தில் நிற்காமல் போவதும் இதனால்தான். அங்கே காற்றில் ஈரம் குறைவு என்பதல்ல காரணம். அங்கே சுவர் இப்படிக் குளிர்வதில்லை.

கொட்டகலை ஆசிரியை

இருவருக்கும் நன்றி. தாளின் அறைப்பக்கம்தான் முத்து முத்தாக வியர்த்திருந்தது. சுவர்ப்பக்கம் காய்ந்தே இருந்தது. அண்ணன் சொன்னபடி கதவையும் கழற்றிப் பார்த்தோம். பிணைச்சல் துளையின் உள்ளே பூச்சே இல்லை. குழாய் ஓட்டைகள் பொருத்த வந்தவர்கள் இங்கே வைத்து வாளால் வெட்டியவை. அவையும் வெறும் பலகையாகவே இருக்கின்றன. கதவின் கீழ் விளிம்பில் மட்டும் ஏதோ மெல்லியதாக ஓடியிருக்கிறது. பின் பலகையின் சுவர்ப்பக்கத்தில் ஒன்றுமே அடிக்கவில்லை.

ஊவாக்காரன்

நான் பண்டாரவளையில் இருக்கிறேன். எங்கள் குளியலறை அலுமாரி பழைய தேக்குப் பலகையில் செய்தது. ஆளிவிதை எண்ணெயைத் துணியால் தேய்த்துக் கொடுப்பதுதான் வழக்கம். வருடக் கணக்காக நன்றாகவே இருக்கிறது. இரசாயனப் பூச்சு எதுவும் தேவையில்லை என்பது என் எண்ணம்.

ஹட்டன் தச்சன்

ஊவாக்கார நண்பர் சொல்வது அவருடைய வீட்டுக்குச் சரியாக இருக்கலாம். பண்டாரவளையில் ஜூன் முதல் ஓகஸ்ட் வரை காய்ந்த காற்று வீசுகிறது. அதே மாதங்களில் கொட்டகலையும் ஹட்டனும் தென்மேற்குப் பருவமழையில் நனைந்துகொண்டிருக்கின்றன. அத்துடன், அவருடைய அலுமாரியைக் காப்பாற்றுவது தேக்கே ஒழிய எண்ணெயல்ல. ஆளிவிதை எண்ணெய் ஈரத்தைத் தடுப்பதில் மிகவும் பலவீனமானது. ஈரமான இடத்தில் பூஞ்சணத்துக்கு அதுவே உணவாகவும் ஆகிவிடும். அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பற்றக்கூடும் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவைக்கிறேன். விரித்துக் காயவிட்ட பிறகே எறிய வேண்டும்.

டீச்சரின் அலுமாரிக்கு வருகிறேன். நீங்கள் பார்த்துச் சொன்னவற்றிலேயே விடை இருக்கிறது. முன்பக்கம் அடித்த லக்கர் மட்டமானதாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை; ஈரம் முன்பக்கத்தால் வரவில்லை. வெட்டு விளிம்பு, துளை, பின்புறம் ஆகிய மூன்றும் திறந்திருந்தால் எவ்வளவு விலையுயர்ந்த பூச்சானாலும் பயனில்லை. உண்மையைச் சொன்னால், எந்தப் பூச்சும் ஈரத்தை முழுமையாகத் தடுப்பதில்லை, அது உள்ளே போவதை மெதுவாக்குகிறது. ஒரு பக்கம் மட்டும் மெதுவாகி மறுபக்கம் வேகமாகக் குடித்தால் பலகை வளைந்துவிடும். அதனால் ஆறு பக்கங்களுக்கும் ஒரே எண்ணிக்கையில் பூச்சு அடியுங்கள், யாரும் பார்க்காத பக்கம் உட்பட.

பலகைக்கு 18 மில்லிமீற்றர் மரைன் பிளைவுட்டை, அதாவது நீரைத் தாங்கும் பசையால் ஒட்டிய பிளைவுட்டைச் சொல்வேன். மரைன் என்று கடையில் வாயால் சொல்வதை நம்பாமல், பலகையில் பி.எஸ். 1088 அல்லது இந்திய ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் தாங்கும் என்று விற்கும் பச்சை நிற எம்.டி.எஃப். சாதாரணமானதை விட மேல்தான், ஆனால் பச்சை என்பது வெறும் சாயம். அதை மட்டும் வைத்துத் தரத்தை முடிவுசெய்ய முடியாது. தேக்கு ஈரத்துக்கு அதிகம் அசையாத மரம், கதவுச் சட்டத்துக்கு அருமையானது, விலைதான் இடிக்கும். யூகலிப்டஸை அகலமான ஒற்றைப் பலகையாகப் போடவே போடாதீர்கள். காற்றின் ஈரப்பதன் 65 சதவீதமாக இருக்கும்போது மரத்துக்குள் சுமார் 12 சதவீத நீர் இருக்கும். ஈரப்பதன் 90 சதவீதத்தைத் தொட்டால் அது 20 சதவீதத்தை நெருங்கும். அந்த ஏற்ற இறக்கத்தில் யூகலிப்டஸ் அதிகமாக விரிந்து சுருங்கி, பூச்சைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

பூச்சில், லக்கரைக் குளியலறைக்கு நான் எடுப்பதில்லை, படலம் மெல்லியது. பிரெஞ்ச் பொலிஷ் எனப்படும் அரக்குப் பூச்சு நீர் பட்டால் வெளுத்துவிடும். எண்ணெய் எனாமல் மலிவானது, தூரிகையாலேயே அடிக்கலாம், பழுதானால் நீங்களே திருத்திக்கொள்ளலாம். ஆனால் நமது குளிரில் அது இறுகி முடிக்க வாரக்கணக்கில் ஆகும். எனது முதல் தெரிவு இரண்டு டின்னாக வரும் பொலியூரேத்தேன். டின்னில் எழுதியுள்ள விகிதத்தில் கலந்து, மெல்லிய பூச்சாக மூன்று முறை கொடுக்க வேண்டும். அதன் கெட்டியாக்கியில் (இறுக வைக்கும் இரண்டாவது டின்) உள்ள ஐசோசயனேட் என்ற இரசாயனம் ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. துணி முகக்கவசம் அதற்குப் போதாது. ஆகவே அதை வீட்டுக்குள் தெளிக்க விடாமல், பட்டறையிலேயே முடித்துக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

வேலை செய்பவரிடம் குறிப்பாகச் சொல்ல வேண்டியது: கூர்மையான விளிம்பில் பூச்சு நிற்காமல் இரு பக்கமும் விலகி மெலிந்துவிடும். எனவே எல்லா விளிம்புகளையும் சான்ட்பேப்பரால் சுமார் 2 மில்லிமீற்றர் உருட்டிவிட்டு, வெட்டு முகங்களுக்கு மட்டும் முதலில் எபொக்சி சீலரைக் குடிக்கும் வரை கொடுத்து, அது காய்ந்த பிறகே பொதுப் பூச்சைத் தொடங்க வேண்டும். பிணைச்சல் துளைகளையும் குழாய் ஓட்டைகளையும் பூச்சுக்கு முன்பே வெட்டிவிட வேண்டும். அளவு தவறி வீட்டில் வைத்து வெட்ட நேர்ந்தால், குழாயை மாட்டுவதற்கு முன் அந்த விளிம்புக்குச் சீலர் வைத்துக் காயவிட வேண்டும். பத்து நிமிட வேலை என்று பலரும் விட்டுவிடுவது இதைத்தான்.

நானுஓயாவிலிருந்து ஒருவர்

தச்சன் அண்ணன் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். அலுமாரியைத் தரையில் நிறுத்தாமல், 15 சென்றிமீற்றர் உயர்த்திச் சுவரில் தொங்கவிடுங்கள். பின் பலகைக்கும் சுவருக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி இருந்தால் காற்று ஓடும்; பூஞ்சணம் அங்கே குடியேறச் சிரமப்படும். வெளியே காற்றைத் தள்ளும் விசிறி ஒன்றைப் பொருத்தி, குளித்து முடித்த பிறகும் அரை மணிநேரம் ஓடவிடுங்கள். வெளிக் குளிருக்குப் பயந்து யன்னலை மூடுவது புரிகிறது, ஆனால் வெளியே உள்ள குளிர்ந்த காற்று உள்ளே சூடாகும்போது ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளக் கூடியது என்பதால், குளித்த பின் சிறிது நேரமாவது திறந்துவிடுவது நல்லது.

கொட்டகலை ஆசிரியை

மரைன் பிளைவுட், விளிம்புகளுக்கு எபொக்சி, மேலே இரண்டு டின் பொலியூரேத்தேன் என்று முடிவுசெய்திருக்கிறோம். பட்டறைக்காரர் ஜூலையிலேயே செய்து தருவதாகச் சொல்கிறார். மழை நாளில் பூச்சு அடித்தால் கெடுதல் உண்டா? எங்கள் பழைய லக்கரில் புதிதாக வந்தபோதே வெள்ளைப் புகை போல ஒரு மங்கல் இருந்தது.

ஹட்டன் தச்சன்

அந்த மங்கல் மழை நாளில் அடித்ததன் அடையாளம்தான். தின்னர் வேகமாக ஆவியாகும்போது பூச்சின் மேற்பரப்பு குளிர்ந்து, காற்றிலுள்ள ஈரத்தைத் தன்மேல் இழுத்துக்கொள்கிறது. பொலியூரேத்தேனில் வேறு விதமான தொல்லை: கெட்டியாக்கி ஈரத்தோடு சேர்ந்தால் கரியமில வாயு உண்டாகி, படலத்துக்குள் நுண்குமிழிகள் நின்றுவிடும். தடித்த பூச்சாக இருந்தால் இன்னும் மோசம்.

பெப்ரவரி, மார்ச் வரை காத்திருக்க முடிந்தால் அதுவே நமது பக்கத்துக்குச் சிறந்த காலம். முடியாவிட்டால், பலகையை வெட்டிப் பொருத்தும் வேலையை ஜூலையில் முடித்துவிட்டு, மழை விட்ட ஒரு நாள் காலை பத்து மணிக்குப் பிறகு பூச்சைத் தொடங்கி, பிற்பகல் மூடுபனி இறங்குவதற்கு முன் நிறுத்தச் சொல்லுங்கள். பலகையின் வெப்பநிலை பனிபடுநிலையை (காற்றிலுள்ள ஆவி நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) விடக் குறைந்தது 3 பாகையாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பூச்சு வேலையில் பொதுவான விதி. அளக்கக் கருவி இல்லாத பட்டறை என்றால், பக்கத்தில் ஒரு கண்ணாடித் துண்டை வைத்து, அது வியர்த்தால் அன்றைக்கு டின்னைத் திறக்காமல் இருப்பதே போதும். கடைசிப் பூச்சுக்குப் பிறகு ஒரு வாரமாவது பட்டறையிலேயே காயவிட்டு எடுத்து வாருங்கள், டீச்சர். அதுவரை பேசினைப் பழைய அலுமாரியின் மேலேயே விட்டுவைக்கலாம்.