சின்ன கிளமாட்டிஸ் பூக்கொடிய எப்போ தரையில வைக்கலாம்?

வணக்கம் மக்களே, லண்டன்ல இருக்கேன், தோட்டம் முழுக்க களிமண்ணு. ஏப்ரல்ல சூப்பர்மார்க்கெட்ல மலிவா வாங்குன நெல்லி மோசர், ஜாக்மனின்னு ரெண்டு ரக கிளமாட்டிஸும் 9 செ.மீ. தொட்டியில ஈர்க்குச்சி மாதிரி ஒத்தத் தண்டோடதான் இருந்துச்சு. ஆழமான 3 லிட்டர் தொட்டிக்கு மாத்தி, அடிக்கணு மண்ணுக்குள்ள போற மாதிரி புதைச்சு, நுனியக் கிள்ளிவிட்டு, தக்காளி உரமும் கொடுத்தாச்சு.

ஜாக்மனி ஜம்முனு கிளை விட்டு, இலைக்காம்பால குச்சியச் சுத்திப் பிடிச்சு ஏறுது. நெல்லி மோசர்தான் படுத்துது, போன வாரம் ஒரே ராத்திரில தலை தொங்கி தண்டும் காம்பும் கறுத்துப் போச்சு, மண்ணு ஈரமாத்தான் இருந்துச்சு, நத்தை ஒண்ணும் காணோம். கறுத்தத வெட்டிட்டேன், இப்போ அடியில சின்னதா ஒரு துளிர் எட்டிப் பாக்குது.

இப்போ ஆகஸ்ட் கடைசி. இந்த ரெண்டையும் செப்டம்பர்லயே தரையில வச்சிடலாமா, இல்ல குளிர்காலம் முடியுற வரைக்கும் தொட்டியிலயே விடணுமா?